நடுவழியில் நிற்கும் வண்டி

நியூயார்க் நகரத்தில் நீண்ட காலமாகக் குடியிருக்கும் எவரையேனும் பிடித்து, இந்த ஊர்ச் சுரங்க ரயிலைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், முதலில் ஒரு பெருமூச்சும், அதைத் தொடர்ந்து பாதி வழியில் நின்றுபோன ஒரு வண்டியைப் பற்றிய சவிஸ்தாரமான கதையும், கதை முடிந்த பிறகு, கேட்டவர் சற்றும் எதிர்பாராத வண்ணம், இந்த ரயிலை விட்டால் இந்த ஊரில் வேறு கதியில்லை என்ற ஒப்புதலும் வந்து சேரும். புதிதாக வந்து இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், படிக்க வந்தவர்களும் உத்தியோகத்துக்கு வந்தவர்களும், வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்டு முடித்ததும் என்னிடம் கேட்கும் அடுத்த கேள்வி, "வண்டி இப்படி நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?" என்பதுதான். பொறுமையாக இரு என்று உபதேசம் செய்யப் பலர் இருக்கிறார்கள். எனக்கு அந்த உபதேசத்தில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பொறுமை நல்ல குணம்தான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேலதிகாரியின் முன்னால் போய் நிற்க வேண்டியவனுக்கு, நல்ல குணத்தைவிட வேறொரு வழி தெரிந்திருப்பது அதிகப் பிரயோஜனமானது.

அந்த வேறு வழியைச் சொல்வதற்கு முன்னால் வண்டி ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாதவன் ஐந்து நிமிஷத் தாமதத்துக்கும் ஐம்பது நிமிஷத் தாமதத்துக்கும் ஒரே மாதிரி பதறுவான். தெரிந்தவன் இன்னது இன்ன நேரம் பிடிக்கும் என்று ஏறத்தாழ மதிப்பிட்டுக்கொண்டு காரியத்தைப் பார்ப்பான்.

1904-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி, சிட்டி ஹாலிலிருந்து வடக்கே 145-ஆவது தெரு வரையில் ஓடத் தொடங்கிய இந்த ரயில், இன்று 472 ஸ்டேஷன்களுடன் நான்கு பேட்டைகளில் பரந்து கிடக்கிறது. அதன் விசேஷம் அதன் நீளமன்று. அது ராத்திரியிலும் தூங்குவதில்லை என்பதே. பாரிஸில் நள்ளிரவு கடந்து ஒரு மணி வாக்கில் கதவைச் சாத்துகிறார்கள். நம் சென்னை மெட்ரோவிலும் இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஆள் நடமாட்டம் கிடையாது. அந்த அகாலத்தில்தான் தண்டவாளம் மாற்றுவதும், கம்பி இழுப்பதும், குப்பை அள்ளுவதும் நடைபெறுகின்றன. நியூயார்க்கிலோ வேலைநிறுத்தம், பெரும்புயல், மின்வெட்டு ஆகிய அசாதாரண சந்தர்ப்பங்கள் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரமும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 மே மாதம் 6-ஆம் தேதி முதல், பின்னிரவில் சில மணி நேரம் மூடி வைத்தார்கள். 2021 மே 17-ஆம் தேதி மறுபடியும் பழையபடி திறந்துவிட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் ஆஸ்பத்திரி வேலை முடிந்து திரும்பும் நர்ஸுக்கும், விடியுமுன் அடுப்பு மூட்டப் போகும் ஹோட்டல் சமையற்காரருக்கும் இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. ஆனால் பழுது பார்க்கும் வேலையை எப்போது செய்வது? வார இறுதியிலும் பின்னிரவிலும், ஓடுகிற வண்டிகளை ஒதுக்கிவிட்டுத்தான் செய்தாக வேண்டும். சனிக்கிழமை காலையில் உங்கள் வண்டி உங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போவதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமை பின்னிரவு மூன்று மணிக்கு யாரோ ஒருவருக்கு வண்டி கிடைத்ததுதான். இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதம்.

அடுத்தது சமிக்ஞை விளக்குகளின் விஷயம். நம் ஊரில் எக்ஸ்பிரஸ் வண்டி ஜங்ஷனுக்குள் நுழையுமுன் அவுட்டரில் போட்டுவிடுவதை அறியாதவர் இல்லை. உள்ளே பிளாட்பாரம் காலியாகும் வரை வெட்டவெளியில் நின்றுகொண்டிருக்கும். இங்கே பூமிக்கு அடியில் நடப்பதும் அதே சங்கதிதான். ஆனால் அடிக்கு அடி அவுட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பாதை நெடுகிலும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டின் தண்டவாளத்திலும் ஒரு மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வந்து அந்தத் துண்டில் ஏறியதும் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்து அந்த மின்சாரத்தை வழிமறித்துவிடுவதால், ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ரிலே என்ற சிறு யந்திரம் சக்தியிழந்து விழ, பின்னால் வரும் வண்டிக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டி அந்தத் துண்டில் இருக்கிறது என்பது மட்டுமே சமிக்ஞைக்குத் தெரியும்; அது துண்டின் தலைப்பில் இருக்கிறதா, வாலில் இருக்கிறதா, ஓடுகிறதா, நிற்கிறதா என்பதெல்லாம் தெரியாது. ஆகவே வண்டிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. முன்னால் போகிற ஒரு வண்டி, கதவு மூடாமல் யாரோ காலை நுழைத்த பாவத்துக்காக, ஒரு நிமிஷம் தாமதித்தால், அதன் பின்னால் வரிசையாக அத்தனை வண்டிகளும் நிற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, மின்சாரம் எந்தக் காரணத்தால் தடைப்பட்டாலும் விளக்கு சிவப்பாகவே ஆகும்படி அந்தக் காலத்து என்ஜினீயர்கள் அமைத்திருப்பது. கம்பி அறுந்தாலும் சிவப்பு. தண்ணீர் புகுந்து மின்சாரம் ஒழுகிப் போனாலும் சிவப்பு. தண்டவாளம் விரிசல் கண்டாலும் பெரும்பாலும் சிவப்பு. சிவப்பை மீறி யாரும் போய்விடாதபடி, தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு சிறு இரும்புக் கை நிமிர்ந்து நிற்கிறது. மீறுகிற வண்டியின் அடியிலுள்ள பிரேக் வால்வை அது தட்டிவிட, வண்டி கிறீச்சிட்டு நின்றுவிடும். "சமிக்ஞைக் கோளாறு" என்ற அறிவிப்பைக் கேட்டு எரிச்சல்படும் அன்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இந்தக் கோளாறு உங்களை நேரத்துக்குப் போகவிடாமல் செய்யும், முன்னால் நிற்கும் வண்டியின் மேல் கொண்டு போய் மோதாது.

ஆனால் அந்த யந்திரங்களின் வயது இருக்கிறதே, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1930-களில் பொருத்திய சாதனங்கள், துணி சுற்றிய கம்பிகளோடு, இந்த நூற்றாண்டிலும் பல இடங்களில் உழைத்துக்கொண்டிருந்தன. உதிரி பாகங்களை உலகத்தில் எந்தக் கம்பெனியும் இப்போது தயாரிப்பதில்லையாதலால், ரயில்வேயே தன் பட்டறையில் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் சேம்பர்ஸ் தெரு ஸ்டேஷனில் அப்படிப்பட்ட ஒரு ரிலே அறை தீப்பற்றி எரிந்தபோது, ஏ, சி ஆகிய இரண்டு வழிகளும் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும் என்று முதலில் அறிவித்து ஊரையே திகிலடையச் செய்தார்கள். பிறகு என்ன மாயம் செய்தார்களோ, சில வாரங்களுக்குள்ளேயே வண்டிகள் ஓடலாயின. தாமதத்தைப் பற்றிய எந்த ஆரூடத்தையும், நல்லதானாலும் கெட்டதானாலும், முழுக்க நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

2017-ஆம் வருஷக் கோடையில் நிலைமை முற்றிப்போய், கவர்னர் குவோமோ ஜூன் 29-ஆம் தேதி போக்குவரத்து நிர்வாகத்துக்கு அவசர நிலைமையே பிரகடனம் செய்தார். அடுத்த ஜனவரியில் ஆண்டி பைஃபோர்டு என்ற ஆங்கிலேயர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று பிரயாணிகளிடம் பேசியும், காரணமின்றி வேகத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த இடங்களைக் கண்டுபிடித்து மாற்றியும், இரண்டு வருஷங்களில் கண்கூடான அபிவிருத்தியைக் காட்டினார். 2020 பிப்ரவரியில் விலகிப் போனார். அவர் மீது ஜனங்கள் வைத்த அளவு பிரியத்தை வேறொரு ரயில்வே உத்தியோகஸ்தர் மீது எந்த ஊரிலும் வைத்து நான் கண்டதில்லை. வண்டி எங்கே, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை ரேடியோ மூலம் கணத்துக்குக் கணம் அறியும் புதிய சமிக்ஞை முறை முதலில் எல் வழியிலும், பிறகு 2018 நவம்பரில் 7-ஆம் நம்பர் வழியிலும் முழுமையாக அமலுக்கு வந்தது. மற்ற வழிகளில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மன்ஹாட்டனின் தென்பாதிக்குள் காரோட்டி வருகிறவர்களிடம் 2025 ஜனவரி முதல் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது.

மற்றக் காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மழையே பெய்யாத நாளிலும் இந்தச் சுரங்கங்களிலிருந்து ஏறத்தாழ 1.3 கோடி காலன் தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள் என்றால், மழை பெய்கிற நாளைப் பற்றிக் கேட்பானேன்! பிரயாணிகள் வீசும் காகிதக் குப்பை தண்டவாளத்தில் தீப்பிடிப்பதும் சகஜம். இவற்றோடு, அறிவிப்புகளில் ஓயாமல் கேட்கும் இன்னொரு காரணம் உண்டு: வண்டியில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போவது.

அப்படி ஒரு சந்தர்ப்பத்தில் நானும் இருந்தேன். என் சிநேகிதர் ஒருவருடைய தாயார், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தவர், மன்ஹாட்டனில் கடைகண்ணி பார்த்துவிட்டுத் திரும்புகையில் என் துணையில் இ வண்டியில் வந்துகொண்டிருந்தார். லெக்ஸிங்டன் அவென்யூ தாண்டி, ஆற்றுக்கு அடியில் வண்டி நின்றது. விளக்குகள் எரிந்தன, குளிர்காற்றும் வந்துகொண்டிருந்தது, சப்தம் மட்டும் அடங்கிவிட்டது. அம்மாள் ஜன்னலில் முகம் வைத்து இருட்டைப் பார்த்தார்.

"என்ன தம்பி, நின்னுட்டு? அவுட்டர்ல போட்டுட்டானா?"

வண்டியின் நடுவே உட்கார்ந்திருக்கும் கண்டக்டரின் குரல், பதிவு செய்து வைத்த குரலில்லை, மூக்கடைத்த ஒரு சாதாரண மனிதரின் குரல், அப்போது ஒலிபெருக்கியில் வந்தது. நான் மொழிபெயர்த்தேன்.

"இல்லைம்மா. முன்னால இருக்கிற ஸ்டேஷன்ல ஒரு பாசஞ்சருக்கு உடம்பு சரியில்லையாம். ஆம்புலன்ஸ்காரங்க வர்ற வரைக்கும் அந்த வண்டி நகராது."

"ஐயோ பாவம். ஆம்பிளையா, பொம்பிளையா?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா."

"வயசாவது சொல்லலாம்லா" என்றார் அம்மாள், நிர்வாகத்தின் அலட்சியத்தைக் கண்டிக்கும் தொனியில்.

எதிரே காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் அதைக் கழற்றி, என்ன சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டான், சொன்னேன். அவன் பக்கத்தில் குழந்தையோடு நின்றிருந்த ஸ்திரீக்கு ஸ்பானிஷ் மொழியில் சொன்னான். அவள் மறுபக்கத்தில் யாருக்கோ சொன்னாள். அதுவரை கடிகாரத்தையும் கூரையையும் முறைத்துக்கொண்டிருந்தவர்களின் முகம், ஒரு மனிதனுக்கு மயக்கம் என்று தெரிந்த மாத்திரத்தில், இளகிப் போனதை நான் கவனித்தேன். தாமதம் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. காரணம் மட்டும் தெரிந்தது. "சற்று நேரத்தில் புறப்படுவோம்" என்ற பதிவுக் குரலைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட, உண்மையை ஒரு தடவை சொல்லிவிடும் கண்டக்டர் எவ்வளவோ மேல் என்பது என் திடமான அபிப்பிராயம். கோர்ட் ஸ்கொயர் ஸ்டேஷனில் எங்கள் வண்டி நுழைந்தபோது, அம்மாள் எழுந்து நின்று ஸ்ட்ரெச்சரைத் தேடினார். பிளாட்பாரத்தில் ஒன்றும் காணோம். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே தோன்றிற்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வண்டியில் உங்களுக்குத் தலை சுற்றினால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து உதவி கேளுங்கள். பக்கத்திலிருப்பவருக்கு மயக்கம் வந்தாலும் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். இழுத்தால் வண்டி சுரங்கத்தின் நடுவில் நின்றுபோகும். உதவியோ அடுத்த ஸ்டேஷனில்தான் சீக்கிரம் வந்து சேரும். வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் கதவைத் திறந்துகொண்டு தாமாகக் கீழே இறங்குவதும் கூடவே கூடாது. ஓரத்தில் கிடக்கும் மூன்றாவது தண்டவாளத்தில் 600 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறது.

இனி மாற்று வழியைப் பற்றி. இந்த ரயிலை முதன்முதலாக நிர்மாணித்த தலைமை என்ஜினீயர் வில்லியம் பார்க்ளே பார்ஸன்ஸ் செய்த ஒரு காரியத்துக்காக நான் அவரை அடிக்கடி மனத்துக்குள் வாழ்த்துவதுண்டு: முதல் பாதையின் பெரும் பகுதியில் போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு தண்டவாளங்கள் போட்டார். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கலுக்கு ஒன்று, தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸுக்கு ஒன்று. பின்னால் வந்த பெரிய பாதைகள் பலவும் அதே திட்டத்தைப் பின்பற்றின. இதனால் ஒன்றில் தடங்கல் ஏற்பட்டால் வண்டிகளை மற்றதில் திருப்பி விடுகிறார்கள். உங்கள் லோக்கல் வண்டி திடீரென்று எக்ஸ்பிரஸ் ஆகி, உங்கள் ஸ்டேஷனின் விளக்குகள் ஜன்னலுக்கு வெளியே பறந்து போவதைப் பார்த்தீர்களானால் திகைக்க வேண்டியதில்லை. எக்ஸ்பிரஸ் நிற்கும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்த் திசை வண்டியில் திரும்பி வந்துவிடலாம். எக்ஸ்பிரஸ் நிற்கும் ஸ்டேஷன்களில் பெரும்பாலும் உள்ளேயே எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போகலாம்; ஆனால் சிறிய லோக்கல் ஸ்டேஷன்கள் பலவற்றில் இரண்டு திசைக்கும் வாசலே வெவ்வேறு. அங்கே அவசரப்பட்டு இறங்கிவிட்டால், படியேறி, தெருவைக் கடந்து, இன்னொரு தடவை காசு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். எந்த ஸ்டேஷனில் உள்வழி இருக்கிறது என்று அறிந்து வைத்திருப்பது பூகோள பாடத்தில் சேர்க்கத்தக்க அறிவு.

நான் க்வீன்ஸ்வாசியாதலால் ஜாக்ஸன் ஹைட்ஸை உதாரணமாகச் சொல்கிறேன். தோசை மாவும் கறிவேப்பிலையும் வாங்க நம்மவர்கள் போய் இறங்கும் 74-ஆவது தெரு ஸ்டேஷன் இரண்டு அடுக்குகள் கொண்டது. மேலே இரும்புத் தூண்களின் மீது 7-ஆம் நம்பர். பூமிக்கு அடியில் இ, எஃப், எம், ஆர். 7 நின்றுபோனால், மேலே பிளாட்பாரத்தில் நின்று விதியை நொந்துகொள்ளாமல் கீழே இறங்கி இ பிடித்தால், 42-ஆவது தெருவில் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்தின் அடியில் கொண்டு போய் விடும். அங்கிருந்து டைம்ஸ் ஸ்கொயர் நடைவழித் தூரம். குடிக்கூலிக்கு வீடு தேடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: ஒரே ஒரு வழி மட்டும் வந்து போகிற ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அழகான வீட்டைக் காட்டிலும், இரண்டு வழிகள் சந்திக்கிற ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சுமாரான வீடு உத்தமம்.

எப்போது மாற வேண்டும் என்பது அனுபவத்தில் வருவது. இருந்தாலும் ஓர் அடையாளம் சொல்லலாம். பிளாட்பாரத்துக் கடிகாரப் பலகையில் அடுத்த வண்டி ஆறு நிமிஷம் என்று போட்டிருந்து, சற்றுப் பொறுத்துப் பார்க்கையில் ஏழு என்று மாறினால், அது எட்டாகுமுன் கிளம்பிவிடுங்கள். பஸ் பிடிப்பதானால், சுரங்க ரயிலில் ஏறும்போது காட்டிய அதே கார்டையோ ஃபோனையோ காட்டினால், இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மாற்றம் இலவசம். கூட்டம் நெரிகிற நேரத்தில் வருகிற வண்டியில் ஒரே ஒரு பெட்டி மட்டும் காலியாக இருக்கக் கண்டால், அதிர்ஷ்டம் அடித்தது என்று பாய்ந்து ஏறிவிடாதீர்கள். கோடையானால் அதில் குளிர்சாதனம் கெட்டுப் போயிருக்கும். மற்றக் காலமானால் அதைவிட மோசமான காரணம் ஏதோ இருக்கும்.

நேரம் தவறிப் போய்விட்ட பிறகு மேலதிகாரியைச் சமாளிப்பதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்பதை எழுதிக் கேட்டால், அந்த நேரத்தில் அந்த வழியில் தாமதம் இருந்தது உண்மைதான் என்று நிர்வாகமே சான்று அனுப்பி வைக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போகிற பையன் அப்பாவிடம் சீட்டு எழுதி வாங்கிப் போகிற மாதிரி, தலை நரைத்த குமாஸ்தாக்கள் இதை வாங்கிப் போகிறார்கள். ஏழு எட்டு நிமிஷத் தாமதத்துக்கெல்லாம் இதைக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்பது என் கட்சி.

கடைசியாக, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கும் அதன் கான்டீனுக்கும் வருகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வார இறுதியில் எந்த வழியில் என்ன மாறுதல் என்பதை முன்கூட்டியே ஸ்டேஷன் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள், இணையத்திலும் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் நம்பர் ஃப்ளஷிங் வரை ஓடாவிட்டால், பென் ஸ்டேஷனிலோ கிராண்ட் சென்ட்ரலிலோ உட்ஸைடிலோ லாங் ஐலண்ட் ரயிலின் போர்ட் வாஷிங்டன் வண்டியில் ஏறி, ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கலாம். அங்கிருந்து பவுன் தெருக் கோயிலுக்கு இருபது நிமிஷ நடை. டிக்கெட் தனி, வண்டியில் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.